பெயரை மாற்றலாமா, லோகோவை யாரிடம் கொடுக்கலாம்? ஒரு கட்டற்ற மென்பொருளுக்காக நாங்கள் எடைபோட்டுப் பார்த்தது

போன மாதம் கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தில் ஒரு ரப்பர் கடையில் நின்றுகொண்டிருந்தேன். தராசில் ரப்பர் பாலை உறையவைத்து அடித்த ஷீட் கட்டு ஏறியது, கடை அண்ணாச்சி எடையைத் தட்டினார், சின்ன பில் மெஷின் கிர்ரென்று தாளைத் தள்ளியது. பில்லின் தலையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கருப்புத் திட்டு. அதுதான் எங்கள் லோகோ. திரையில் பார்த்தால் பச்சை இலை, வெள்ளைத் தண்டு, அடியில் மெல்லிய நிழல் என்று எல்லாம் இருக்கும், தாளில் வந்ததைப் பார்த்தால் யாரோ கைநாட்டு வைத்து இழுத்துவிட்ட மாதிரி இருந்தது. "மக்களே, இது ஒரே கருப்பாட்டு வருது, பேப்பரும் வீணாவுது, இதை எடுத்துப் போடக்கூடாதா?" என்று அண்ணாச்சி கேட்டார்.

அவர் கேட்டது நியாயம். நாங்கள் ஐந்து பேர், நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் வேலை பார்ப்பவர்கள், நான்கு வருடமாக ஓய்வு நேரத்தில் எழுதிவரும் மென்பொருள் அது. ரப்பர் கடைகளுக்கான கணக்கு: யார் எவ்வளவு ஷீட் கொண்டுவந்தார், என்ன தரம், மரத்திலேயே உறைந்து ஒட்டிய ஒட்டுப்பால் எவ்வளவு, ஈரத்துக்கு எவ்வளவு கழிவு, வாங்கிய முன்பணம் போக மீதி எவ்வளவு. நிரலை, அதாவது மென்பொருளின் மூல வரிகளை, ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தின் மூன்றாம் பதிப்பில் வெளியிட்டிருக்கிறோம், யாரும் எடுக்கலாம், மாற்றலாம். பெயர் 'ரப்பர் கணக்கு'. அதை யாரும் உட்கார்ந்து யோசித்து வைக்கவில்லை, கோப்புறைக்கு வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. லோகோவும் அதே கதைதான், எங்களில் ஒருவன் ஒரு ராத்திரி கிம்ப் என்ற கட்டற்ற பட மென்பொருளில் வரைந்தது.

இப்போது இரண்டாம் பதிப்பு வரப்போகிறது. அதற்குள் மூன்று விஷயத்தை முடிவு செய்ய வேண்டும்: பெயரை மாற்றுவதா, லோகோவை யார் எப்படிச் செய்வது, செய்த பிறகு அந்தப் பெயரையும் படத்தையும் மற்றவர்கள் எவ்வளவு தூரம் பயன்படுத்தலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படத்தைத் தாராளமாக விடலாம், பெயரை இறுக்கிப் பிடிக்க வேண்டும். லோகோவுக்குப் போட்டி வைக்கவே கூடாது. ஐந்து பேரில் மூன்று பேர் இப்போது இந்தப் பக்கம் வந்துவிட்டோம், மற்ற இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

அப்படியே விட்டால் என்ன?

இதுதான் முதல் தேர்வு, செலவில்லாதது. "கடைக்காரருக்குக் கணக்கு சரியாக வந்தால் போதும், படத்தையா தின்னப்போகிறார்" என்று எங்களுக்குள் ஒருவர் இன்னும் சொல்கிறார். போன மழைக்காலம் வரை நானும் அதே கட்சிதான்.

அப்புறம் அருமனைப் பக்கத்திலிருந்து ஓர் அக்கா மூன்று பில்லை எடுத்துக்கொண்டு எங்களைத் தேடி வந்தார். சொந்தமாக அரை ஏக்கர் ரப்பர், தானே பால்வெட்டு, தானே ஷீட் அடிப்பது. வீட்டில் நிறுத்துப் பார்த்த எடைக்கும் பில்லில் உள்ள எடைக்கும் ஒவ்வொரு முறையும் அரைக் கிலோ, முக்கால் கிலோ குறைகிறது என்றார். பில்லைப் பார்த்தோம், தலையில் எங்கள் லோகோ, கீழே எங்கள் பெயர். ஆனால் அந்தக் கடைக்கு நாங்கள் எதையும் நிறுவிக் கொடுக்கவில்லை. விசாரித்ததில், ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரர் எங்கள் நிரலை எடுத்து, எடையில் புள்ளிக்குப் பின்னால் வருவதையெல்லாம் வெட்டிவிடும்படி மாற்றி, இரண்டு மூன்று இடத்தில் விற்றிருக்கிறார். 38.7 கிலோ கொண்டுபோனால் பில்லில் 38. கிலோ 180 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு தடவைக்கு 126 ரூபாய் போச்சு. அந்த அக்காவுக்கு அது ஒரு நாள் மீன் செலவு.

அவர் நிரலை மாற்றியதில் தவறில்லை, விற்றதிலும் தவறில்லை. ஜிபிஎல் அந்த உரிமையைத் தெளிவாகக் கொடுக்கிறது, கொடுக்கத்தான் வேண்டும், அதை நம்பித்தான் நாங்களே அந்த உரிமத்தைத் தேர்ந்தெடுத்தோம். தவறு எங்கே என்றால், மாற்றிய பொருளுக்கு எங்கள் பெயரும் எங்கள் படமும் அப்படியே இருந்ததில்தான். கட்டற்ற மென்பொருளில் நிரல் எல்லாருக்கும் பொது. 'இது அவர்கள் செய்தது, நம்பலாம்' என்று ஆட்கள் அடையாளம் காண மிஞ்சுவது பெயர் ஒன்றுதான். சொல்லப்போனால் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பே இதற்கு வழி விட்டிருக்கிறது, அதன் ஏழாம் பிரிவில் வணிகக்குறி (டிரேட்மார்க்) உரிமையைத் தராமல் வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. அப்பாச்சி என்ற இன்னொரு கட்டற்ற உரிமத்தின் இரண்டாம் பதிப்பு இன்னும் நேராக, வணிகக்குறியைப் பயன்படுத்த இந்த உரிமம் அனுமதி தரவில்லை என்றே ஆறாம் பிரிவில் சொல்கிறது.

ஆகவே அப்படியே விடுவது என்ற தேர்வு எனக்கு அன்றோடு முடிந்தது.

பெயர்: ரப்பர் கணக்கா, சிரட்டையா?

'ரப்பர் கணக்கு' என்ற பெயரை வைத்துக்கொண்டே அந்தக் கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் போய் "எங்கள் பெயரைப் போடாதீர்கள்" என்று சொல்ல முடியுமா? முடியாது. ரப்பருக்குக் கணக்குப் போடும் எந்த மென்பொருளும் ரப்பர் கணக்குதான். இந்தியாவின் வணிகக்குறிச் சட்டம் 1999-இல் வந்தது, அதன் ஒன்பதாம் பிரிவின்படி பொருளின் தன்மையையே சொல்லும் பெயரை, பல காலப் புழக்கத்தில் தனி அடையாளம் பெற்றிருந்தால் ஒழிய, பதிவு செய்ய மாட்டார்கள். அந்தப் பெயருக்கு உள்ள ஒரே நன்மை, புதிதாகக் கேட்பவருக்கு விளக்கம் வேண்டாம். அந்த நன்மை பெரியதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதே காரணத்தால்தான் அது யாருக்கும் சொந்தமாகாது.

மாற்றாக வந்த பெயர் 'சிரட்டை'. மரத்தில் வெட்டுக்குக் கீழே கட்டி, சொட்டுச் சொட்டாகப் பால் விழும் அந்தத் தேங்காய்ச் சிரட்டை. இப்போது பிளாஸ்டிக் கப்பு வந்துவிட்டது, ஆனாலும் எங்கள் ஊரில் சிரட்டை என்றால் தெரியாத ஆள் கிடையாது. மதுரைப் பக்கத்து நண்பர் ஒருவர் "எங்களுக்கு அது கொட்டாங்குச்சி, சிரட்டை என்றால் புரியாது" என்றார். புரியாவிட்டால் பரவாயில்லை என்பது என் பதில், ரப்பர் மரம் அங்கே இல்லை. நம் மாவட்டத்தின் மேற்குப் பக்கத்திலும் களியக்காவிளை எல்லை தாண்டிக் கேரளத்துப் பாறசாலை, வெள்ளறடையிலும்தான் இது ஓடப்போகிறது, அங்கே மலையாளத்திலும் அது சிரட்டதான். இரண்டு பக்கமும் ஒரே சொல் கிடைப்பது சாதாரண விஷயமா?

மூன்றாவதாக ஓர் ஆங்கிலப் பெயரும் பேச்சில் வந்தது. வெளியூரில் மதிப்பாக இருக்கும் என்றார்கள். வேற்று மொழியில் பெயர் வைக்கும்போது அந்த மொழியில் அது எப்படிக் காதில் விழுகிறது என்று பார்த்தாக வேண்டும். கிம்ப்பையே எடுத்துக்கொள்ளுங்கள், எவ்வளவு நல்ல மென்பொருள், ஆனால் அந்தப் பெயர் ஆங்கிலத்தில் உடல் ஊனத்தைக் கேலி செய்யும் சொல்லாகவும் இருக்கிறது. பள்ளிக்கூடங்களில் அறிமுகப்படுத்தத் தயங்குகிறார்கள் என்று சொல்லி 2019-இல் சிலர் பெயரையே முதல் காரணமாக வைத்து கிளிம்ப்ஸ் என்று தனியாகப் பிரிந்தார்கள், 2021-இல் ஆள் பற்றாமல் அது நின்றுபோனது. பெயர் தவறினால் பிறகு திருத்துவது எவ்வளவு பாடு என்பதற்கு அது போதும்.

முன்கூட்டியே தேடிப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு பயர்பாக்ஸ் இணைய உலாவியின் கதை இருக்கிறது. 2002-இல் அதற்கு ஃபீனிக்ஸ் என்று பெயர். ஃபீனிக்ஸ் டெக்னாலஜிஸ் என்ற நிறுவனத்தின் வணிகக்குறியோடு மோதியதால் 2003-இல் ஃபயர்பேர்ட் என்று மாற்றினார்கள். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கட்டற்ற தரவுத்தள மென்பொருள் இருந்தது, அவர்கள் சண்டைக்கு வந்தார்கள், சண்டை போட்டதிலும் நியாயம் இருந்தது. 2004 பிப்ரவரியில்தான் பயர்பாக்ஸ். இரண்டு வருடத்தில் மூன்று பெயர். அப்போது பயன்படுத்தியவர்கள் குறைவு, தாங்கிக்கொண்டது. எங்கள் மென்பொருள் முப்பத்துச் சொச்சம் கடையில் மட்டும் இருக்கும்போதே பெயரை மாற்றிவிடுவது நல்லது என்று நான் அவசரப்படுவதற்குக் காரணம் இதுதான்.

பிந்தினால் என்ன ஆகும் என்பதற்கு லிப்ரேஆபிஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருளின் கதை. 2010 செப்டம்பரில் ஓப்பன்ஆபிஸை உருவாக்கியவர்களில் பலர் தி டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்று தனியாகப் பிரிந்து லிப்ரேஆபிஸை ஆரம்பித்தார்கள். நிரலை எடுத்துக்கொண்டு போக முடிந்தது, பெயரை எடுத்துக்கொண்டு போக முடியவில்லை, அது ஆரக்கிள் நிறுவனத்தின் கையில் இருந்தது. அந்தப் பெயரைத் தாருங்கள் என்று கேட்டும் கிடைக்கவில்லை, பிறகு ஆரக்கிள் அதை அப்பாச்சி அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. வேலை செய்யும் ஆட்கள் ஒரு பக்கம், பழகிய பெயர் இன்னொரு பக்கம். இன்றைக்கும் நம்மூர் கம்ப்யூட்டர் சென்டர்களில் "ஓப்பன் ஆபிஸ் போட்டுத் தாங்க" என்று கேட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பத்து வருடத்துக்கு மேல் ஆகியும்.

லோகோவை யார் செய்வது?

இங்கேதான் எங்களுக்குள் ரொம்ப நேரம் பேச்சு ஓடியது. போட்டி வைப்பது, காசு கொடுத்துச் செய்யச் சொல்வது, இருக்கிற கட்டற்ற படங்களிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்வது, படம் உருவாக்கும் ஏஐ இயந்திரத்திடம் கேட்பது என்று நாலு வழி பேசினோம்.

கடைசி வழியை முதலில் தள்ளிவிடுகிறேன். கேட்டுப் பார்த்தோம். வந்த படங்களில் தமிழ் எழுத்து தமிழாகவே இல்லை, ரகரத்துக்குக் கால் இல்லை, ஐகாரக் கொம்பு எங்கோ தொங்கியது. அதைவிட முக்கியம், எங்களுக்குக் கிடைத்தது புள்ளிகளால் ஆன படம், கோடு கோடாகத் திருத்த முடிகிற எஸ்விஜி கோப்பு இல்லை, நாளைக்கு யாராவது திருத்த வேண்டுமென்றால் மூலம் கிடையாது. மூலம் இல்லாத நிரலைக் கட்டற்றது என்று சொல்ல மாட்டோம், லோகோவுக்கு மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? கட்டற்ற சின்னத் தொகுப்பிலிருந்து ஒரு மரத்தை எடுப்பது சட்டப்படி சுத்தம், ஆனால் அதே மரத்தை நூறு பேர் வைத்திருப்பார்கள், அடையாளம் என்ற காரியமே நடக்காது. மென்பொருளுக்குள்ளே சேமி, அச்சிடு, தேடு பொத்தான்களுக்கு அந்தத் தொகுப்பு அருமை, தலையில் வைக்க வேண்டாம்.

போட்டிக்கு வருகிறேன். நல்ல உதாரணங்கள் போட்டிப் பக்கமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தின் வகைகளில் ஒன்றான டெபியனின் அந்தச் சிவப்புச் சுழி லோகோ 1999-இல் போட்டியில் வந்ததுதான், கால் நூற்றாண்டாக அசையாமல் நிற்கிறது. ஆனால் லினக்ஸ் பென்குயின் டக்ஸ் இருக்கிறதே, 1996-இல் லாரி யூயிங் கிம்ப்பில் வரைந்தது, அது லினக்ஸ் லோகோப் போட்டிகளில் கலந்துகொண்டு ஒன்றிலும் ஜெயிக்கவில்லை. போட்டியில் ஜெயித்த லோகோக்களை இன்று யாருக்கு நினைவிருக்கிறது? தோற்ற பென்குயின் உலகம் முழுக்க ஒட்டிக்கொண்டது. வாக்கெடுப்பில் ஜெயிப்பது அன்றைக்குப் பார்க்கப் பளிச்சென்று இருப்பது, பழகப் பழக மனசில் நிற்பது வேறு.

நாங்களும் சின்னதாக ஒன்று வைத்துப் பார்த்தோம், தெரிந்தவர்களிடம் வாட்ஸ்அப்பில் கேட்டு. பதினொரு படம் வந்தது. இரண்டு, வேறு யாருடைய படத்தின் மேலோ கோடு இழுத்தவை, தேடினால் மூலப் படம் முதல் பக்கத்திலேயே கிடைத்தது. அதைத் தெரியாமல் ஏற்றுக்கொண்டிருந்தால் நம் நிரல் சுத்தமாக இருந்தும் லோகோவால் மாட்டியிருப்போம். மீதி ஒன்பதில் ஏழு மரம், அதுவும் தென்னை மாதிரி. ரப்பர் கடை பில் மெஷினைப் பார்த்தவர் அனுப்பியவர்களில் ஒருவரும் இல்லை. இத்தனை பேரின் ராத்திரி வேலையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு ஒருவருக்கு மட்டும் நன்றி சொல்வது எனக்கு நெஞ்சில் உறுத்தியது. அதில் ஒரு பொண்ணு, கல்லூரி இரண்டாம் வருடம், நாலு விதமாக வரைந்து அனுப்பியிருந்தாள். தன் படம் ஏன் வேண்டாம் என்று அவள் கேட்டபோது சொல்வதற்கு எங்களிடம் 'வாக்கு விழவில்லை' என்பதைத் தவிர ஒரு காரணமும் இல்லை. கட்டற்ற மென்பொருளில் ஒருவர் அனுப்பும் நிரல் திருத்தத்தை இப்படி நடத்துவோமா? வரி வரியாகப் படித்து, இங்கே இது சரியில்லை, மாற்றி அனுப்பு என்போம். வடிவமைப்பும் அந்த மரியாதைக்கு உரிய வேலைதான்.

காசு கொடுத்துச் செய்வது பெரிய திட்டங்களில் நடப்பது. லினக்ஸின் இன்னொரு வகையான உபுண்டு 2010-இல் தோற்றத்தை மாற்றியபோது டால்டன் மாக் என்ற எழுத்துரு நிறுவனத்திடம் தனக்கென்று ஓர் எழுத்துருவே செய்து வாங்கியது, அதைத் தனக்கென்று எழுதிய ஓர் உரிமத்தில் எல்லாருக்கும் கொடுத்தது. பயர்பாக்ஸைச் செய்யும் மொசில்லா 2016-இல் ஜான்சன் பேங்க்ஸ் என்ற வடிவமைப்பு நிறுவனத்தை அமர்த்தி, ஏழு மாதிரிகளைப் பொதுவில் வைத்துக் கருத்துக் கேட்டு, 2017 ஜனவரியில் ஒன்றை முடிவு செய்தது. அதுவும் நிரந்தரம் இல்லை, 2024 டிசம்பரில் மறுபடி மாற்றிவிட்டார்கள். நமக்கு அந்த அளவு கை நீளாது.

என் மனசுக்குப் பிடித்தது ஃபெடோரா என்ற லினக்ஸ் வகைக்காரர்கள் செய்தது. பழைய லோகோவில் என்னென்ன தொந்தரவு என்று முதலில் பட்டியலைப் பொதுவில் வைத்தார்கள்: ஒற்றை நிறத்தில் அச்சிட்டால் சரியாக வருவதில்லை, இருட்டுப் பின்னணியில் தெரிவதில்லை, அந்த எஃப் எழுத்து ஃபேஸ்புக்கை நினைவுபடுத்துகிறது. 2019 தொடக்கத்தில் இரண்டு மாதிரிகளைக் காட்டிக் கருத்துக் கேட்டார்கள், வந்த குறைகளை வைத்துத் திருத்தித் திருத்தி 2021-இல் புதிய லோகோ புழக்கத்துக்கு வந்தது. வரைவது வேலை தெரிந்த ஒரு கை, குறை சொல்வது எல்லாருடைய வாயும். இந்த முறையில் கேட்கிற கேள்வியே வேறு. 'எது பிடித்திருக்கிறது' என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும், 'எங்கே இது உனக்குத் தொந்தரவு' என்று கேட்டால் குலசேகரம் அண்ணாச்சி மாதிரி ஒருவர் ஒரே வரியில் பதில் சொல்வார்.

அதையே எங்கள் அளவில் செய்தோம். நாகர்கோவிலில் ஃபிளெக்ஸ் அச்சடிக்கும் கடையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒரு தம்பியிடம் பேசினோம், இன்க்ஸ்கேப் என்ற கோட்டுப்பட மென்பொருள் நன்றாகத் தெரிந்தவர். பன்னிரண்டாயிரம் ரூபாய், மூலக் கோப்போடு தர வேண்டும், படங்களுக்கான கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமத்தில் வெளியிடுவோம் என்று எழுதிக் கொடுத்தோம். அவருக்கு நாங்கள் கொடுத்தது ஒரே ஒரு அளவுதான். கடைகளில் இருக்கும் 58 மில்லிமீட்டர் ரோல் மெஷினில் அச்சு விழும் அகலம் 48 மில்லிமீட்டர், மில்லிமீட்டருக்கு 8 புள்ளி, ஆக மொத்தம் 384 புள்ளி. கருப்பு, இல்லாவிட்டால் வெள்ளை. சாம்பல் கிடையாது, நிழல் கிடையாது. அதில் நிற்பது எங்கேயும் நிற்கும்.

இரண்டாவது முறை நாங்கள் போனபோது அவர் ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் பேனாவால் 'சிரட்டை' என்று பெரிதாக எழுதி, நடுவில் இருக்கும் ட் எழுத்தை மட்டும் கையால் மறைத்து மறைத்துக் காட்டினார். இடது பக்கம் நேர்க்கோடு, கீழே படுக்கைக்கோடு, வலது பக்கம் அவர் கையெழுத்தில் சின்னதாக மேலே ஏறிய முனை: டகரமே ஒரு பாத்திரம். அதன் மேலே இருக்கும் புள்ளி, விழப்போகும் பால். அவ்வளவுதான் லோகோ. இடது கோட்டை மரமாக நீட்டி, அடியை வளைத்து, புள்ளியைச் சொட்டாக மாற்றினார். தமிழ் தெரிந்தவருக்கு ட் என்று படிக்கும், தெரியாதவருக்கு மரத்தில் கட்டிய சிரட்டை. பதினாறு புள்ளிக்குச் சுருக்கிப் பார்த்தோம், சொட்டு கொஞ்சம் பாத்திரத்தோடு ஒட்டியது, இடைவெளியை ஒரு புள்ளி கூட்டினார், சரியாகிவிட்டது. நாலு விதமாக வரைந்து அனுப்பிய அந்தப் பொண்ணிடம் இதைக் காட்டினோம். புள்ளி வட்டமாக இருந்தால் எழுத்து, சொட்டாக இருந்தால் பால், இரண்டுக்கும் நடுவில் நிறுத்துங்கள் என்று அவள் சொன்னதைத்தான் கடைசியில் எடுத்துக்கொண்டோம். இரண்டு பேர் பெயரும் கோப்பில் இருக்கிறது.

எழுத்துருவுக்கு அதிகம் யோசிக்கவில்லை. விண்டோஸின் லதா தனியுரிமை எழுத்துரு, அதை மென்பொருளோடு சேர்த்துக் கொடுக்க முடியாது. ஓப்பன் ஃபான்ட் என்ற கட்டற்ற எழுத்துரு உரிமத்தில் தமிழுக்கு இன்று நல்ல எழுத்துருக்கள் இருக்கின்றன: முக்த மலர், கேட்டமரான், நோட்டோ, மலையாளத்துக்காக உழைக்கும் ஸ்வதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழு தமிழுக்கென்று தந்த மீரா இனிமை. சின்ன அளவில் ரகரமும் காலும் குழம்பாமல் இருப்பதைப் பார்த்து முக்த மலரை எடுத்தோம். நிறம் ஒன்றே ஒன்று, காய்ந்த ஷீட்டின் தேன் நிறம்.

யார் எவ்வளவு தூரம் பயன்படுத்தலாம்?

இதில் மூன்று வழிகள் கண்ணுக்கு முன்னால் இருக்கின்றன. டக்ஸ் வழி: வரைந்தவரையும் கிம்ப்பையும் குறிப்பிட்டால் போதும், யாரும் எப்படியும் பயன்படுத்தலாம், மாற்றலாம். அந்தத் தாராளம்தான் பென்குயினை டீ சட்டை முதல் சாவிக்கொத்து வரை கொண்டுபோனது. ஆனால் பென்குயின் எதற்கும் உத்தரவாதம் தருவதில்லை, அது இருந்தால் லினக்ஸ் சம்பந்தப்பட்டது என்று மட்டும் தெரியும்.

மொசில்லா வழி அதற்கு நேர் எதிர். பயர்பாக்ஸ் லோகோவின் உரிமம் தங்கள் கட்டற்ற விதிகளுக்குப் பொருந்தவில்லை என்று டெபியன் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு லோகோவை விட்டுவிட்டுக் கொடுத்துவந்தது. 2006-இல் மொசில்லா, பெயரும் லோகோவும் சேர்ந்துதான் வர வேண்டும், செய்யும் மாற்றங்களை எங்களிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும் என்றது. டெபியன் பெயரையே மாற்றி ஐஸ்வீசல் என்று வைத்தது. 2016-இல்தான் பயர்பாக்ஸ் என்ற பெயர் டெபியனுக்குத் திரும்பியது. பத்து வருடம் டெபியன் பயன்படுத்தியவர்கள் "பயர்பாக்ஸ் எங்கே" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். மொசில்லாவின் பயம் எனக்குப் புரிகிறது, அருமனை அக்காவின் பில்லைப் பார்த்த பிறகு நன்றாகவே புரிகிறது. இருந்தாலும் நல்ல மனசோடு திருத்தம் செய்கிறவரையும் ஏமாற்றுகிறவரையும் ஒரே கயிற்றில் கட்டியது அந்த விதி.

டெபியன் தன் வீட்டில் வைத்திருக்கும் ஏற்பாடு மூன்றாவது. அவர்களுக்கு இரண்டு லோகோ. சுழி மட்டும் இருப்பது எல்லாருக்கும் பொது, 2012 முதல் கட்டற்ற உரிமத்திலேயே இருக்கிறது. குப்பியோடு இருக்கும் இன்னொன்று அதிகாரபூர்வமான காரியங்களுக்கு மட்டும். டெபியன் என்ற பெயர் வணிகக்குறியாகத் தனியே காக்கப்படுகிறது. படத்துக்கும் பெயருக்கும் தனித்தனிக் கதவு.

எங்களுக்கு ஒத்துவருவது இதன் சின்ன வடிவம், இரண்டு லோகோ தேவையில்லை. ட் படத்தை யாரும் எடுக்கலாம், கடை போர்டில் போடலாம், மாற்றலாம். 'சிரட்டை' என்ற பெயரை, மாற்றாத நிரலைக் கொடுப்பவர் கேட்காமலே பயன்படுத்தலாம், விற்றாலும் சரி. நிரலை மாற்றினால் வேறு பெயர் வைக்க வேண்டும், 'சிரட்டையிலிருந்து உருவானது' என்று சொல்லிக்கொள்ளலாம். மொழிபெயர்ப்பு, பில் வடிவம், வரி விகிதம் இந்த மூன்றையும் மாற்றினால் அது மாற்றமாகக் கணக்கில்லை. எடைக் கணக்கைத் தொட்டால் கணக்கு உண்டு. அரைப் பக்கத்தில் எழுதிவிட்டோம், வக்கீல் தமிழ் இல்லாமல், கடைக்காரர் படித்துப் புரிந்துகொள்ளும் தமிழில்.

படத்தையும் பூட்டிவிடலாமே என்று எங்களில் ஒருவர் இன்னும் கேட்கிறார். பூட்டினால் எங்கள் நிரலை டெபியனில் சேர்க்க நினைப்பவர் அதே பழைய தகராறில் மாட்டுவார். ஏமாற்றுகிறவரைத் தடுக்கப் பெயர் போதும், அருமனை அக்கா எங்களைத் தேடி வந்தது பில்லில் இருந்த பெயரைப் படித்துத்தான், அந்தக் கருப்புத் திட்டைப் பார்த்து இல்லை.

மிச்சம் இருப்பது பெயர் யார் கையில் இருப்பது என்ற கேள்வி. லினக்ஸ் என்ற பெயரையே 1990-களின் நடுவில் சம்பந்தமில்லாத ஒருவர் அமெரிக்காவில் தன் பெயரில் பதிவு செய்து, நிறுவனங்களிடம் பங்கு கேட்டுக் கடிதம் அனுப்பினார், வழக்குப் போட்டு 1997-இல்தான் அது லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கைக்கு வந்தது. டெபியனின் பெயரை சாஃப்ட்வேர் இன் தி பப்ளிக் இன்டரெஸ்ட் என்ற லாப நோக்கமில்லாத அமைப்பு வைத்திருக்கிறது. ஓப்பன்சூசே என்ற லினக்ஸ் வகைக்கு அப்படி இல்லை, பெயரின் பாதி சூசே நிறுவனத்துடையது, 2024-இல் அந்த நிறுவனமே வேறு பெயர் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டது. இத்தனை வருடம் உழைத்த ஆட்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

இந்தியாவில் மென்பொருளின் பெயருக்கு வணிகக்குறிப் பதிவின் ஒன்பதாம் வகுப்பில் விண்ணப்பிக்க வேண்டும். இணையவழியில் தனி ஆளுக்கு 4,500 ரூபாய், சங்கம், அறக்கட்டளை போன்றவற்றுக்கு 9,000. பதிவு பத்து வருடத்துக்கு, பிறகு புதுப்பிக்கலாம். தமிழ் எழுத்தில் கொடுத்தால் ஒலிபெயர்ப்பும் பொருளும் சேர்த்துத் தர வேண்டும். படமாகப் பதிவு செய்யாமல் சொல்லாகவே பதிவு செய்யப் போகிறோம், எந்த எழுத்துருவில் எழுதினாலும் அது செல்லும், படம் வெளியே தாராளமாகத் திரியலாம். எங்களில் ஒருவர் பெயரில் போட்டால் பாதிக் காசு மிச்சம். நாளைக்கு அவருக்கும் எங்களுக்கும் பேச்சு நின்றுபோனால்? அவருக்கே ஏதாவது ஆகிவிட்டால்? 4,500 ரூபாய் மிச்சம் பிடிக்க இந்த ஆபத்தை எடுக்க வேண்டாம், சங்கமாகவே பதிவு செய்வோம் என்பது என் பக்கம்.

தமிழ்நாட்டில் சங்கம் பதிவு செய்யக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். நாங்கள் ஐந்து பேர். ஆறாவதாகக் குலசேகரம் அண்ணாச்சி கையெழுத்துப் போடச் சம்மதித்துவிட்டார், புது பில்லைக் கிழித்துக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு. ஏழாவதாக அருமனை அக்காவைக் கேட்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பால்வெட்டு முடிந்து, ஷீட் அடித்துப் போட்ட பிறகு வரச் சொன்னார்.